செடியும் பற்றையும்

இந்த இதழின் பாடம் பயிரைப் பற்றியதல்ல, சொல்லைப் பற்றியது. செடி என்றும் பற்றை என்றும் நாம் நாளாந்தம் சொல்லிவருகிற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். இடுப்பளவோ ஆளளவோ உயர்ந்து, தண்டு முற்றிக் கட்டையாகி நிற்கும் தாவரங்களைப் பேசும்போதுதான் இரண்டும் வாயில் வருகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பல ஆண்டுகள் ஊரைப் பிரிந்திருந்து காணிக்குத் திரும்பிய குடும்பங்களுக்கும், திரும்புவதற்கு இன்னும் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சங்கதியல்ல. பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தில் எந்தச் சொல்லை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில் வளவும் தோட்டமும் தங்கியிருக்கக்கூடும். ஆகவே சற்று ஆறுதலாகப் படிப்போம். மாதர் சங்கத்திலோ கமக்காரர் கூட்டத்திலோ ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக் கதைப்பதற்கும் இப்பாடம் உதவும்.

முதலில் பள்ளிக்கூடப் புத்தகம். பூண்டு, செடி, மரம் என்று பிள்ளைகள் மூன்றாகப் படிக்கிறார்கள். தண்டு பச்சையாக, மென்மையாக இருந்தால் பூண்டு. தண்டு முற்றிக் கட்டையாகி, நிலத்துக்கு அருகிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்தால் செடி. ஒரே அடிமரமாக எழுந்து மேலே போய்க் கிளைவிட்டால் மரம். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலகத்துக் காடுகளைக் கணக்கெடுக்கும்போது வைத்திருக்கும் அளவும் ஏறத்தாழ இதுவே. முதிர்ந்த நிலையில் அரை மீற்றருக்கு மேலும் 5 மீற்றருக்குக் கீழும் நிற்பது, தனித்த ஓர் அடிமரம் இல்லாதது, அதுவே செடி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புத்தகத்தில் வருகிற அளவுக்குச் செடி என்ற சொல் எமது பேச்சில் வருவதில்லை. தமிழ்நாட்டார் ரோஜாச் செடி என்பதை நாம் ரோசாப் பூமரம் என்கிறோம். முழங்கால் உயரத்துக் கத்தரியும் எமக்குக் கத்தரி மரந்தான். நட்ட புதிதில் அது கன்று. ‘செடி கொடி’ என்று சேர்த்துச் சொல்வதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். கன்று என்றால் அதை நட்ட கை ஒன்று இருக்கிறது. மரம் என்றால் காயோ பூவோ நிழலோ அதில் எதிர்பார்க்கிறோம். செடி என்றால் குறைந்தது அதற்கொரு பெயராவது இருக்கிறது: ஆடாதோடைச் செடி, நொச்சிச் செடி, தூதுவளைச் செடி. அவற்றை எண்ணலாம். இதைப் பிடுங்கு, இதை விடு என்று பிள்ளைக்கு விரலால் காட்டலாம்.

பற்றையை அப்படிக் காட்ட முடியாது. பேச்சில் அது ‘பத்தை’. அதற்குள் என்ன நிற்கிறது என்று கேட்டால் ஒரு பெயரில் பதில் வராது. சூரை நிற்கும், காரை நிற்கும், கிளா நிற்கும், ஈச்சும் விடத்தலும் நாயுண்ணியும் பாவட்டையும் நிற்கும். அவற்றின்மேல் கொடிகள் ஏறிப் படர்ந்திருக்கும். நடுவில் காகம் போட்ட கொட்டையிலிருந்து ஒரு வேப்பங்கன்றும் பழம் தின்ற பறவை விட்ட ஒரு பாலைக்கன்றும் மேலே வரப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகப் பற்றை என்பது ஒரு தாவரத்தின் பெயரன்று. பல தாவரங்கள் ஒன்றையொன்று பற்றிப் பிடித்து நெருங்கி நிற்கும் நிலையின் பெயர். ஈச்சம்பற்றை, சூரைப்பற்றை என்று ஓரினமாக நிற்பதையும் சொல்வதுண்டு. அங்கேயும் தனிச்செடியைக் கருதி அப்படிச் சொல்வதில்லை. கை விடமுடியாத, ஆடு நுழையமுடியாத நெருக்கத்தையே சொல்கிறோம்.

“காணி பத்தை பிடிச்சுப் போச்சு” என்று ஒருவர் சொன்னால் அவர் தாவரவியல் பேசவில்லை. அந்தக் காணியில் ஆளில்லை, பல காலமாகக் கத்தி படவில்லை என்கிறார். பற்றை என்ற சொல்லின் பொருளிலே பாதி, மனிதர் இல்லாமைதான். மயிர் வெட்டாத பையனின் தலையைப் ‘பத்தைக்காடு’ என்று அம்மா ஏசுவதும் இதனாலேயே.

ஆங்கிலத்திலும் இதைப் போன்ற ஒரு சோடி உண்டு. ‘ஷ்ரப்’ என்பார்கள், ‘புஷ்’ என்பார்கள். தாவரவியலார் இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு வைப்பதில்லை. ஆனால் சாதாரண பேச்சில், நாற்றுமேடையில் காசு கொடுத்து வாங்கி வீட்டு முற்றத்தில் நடுவது ஷ்ரப். புஷ் தனிச்செடியையும் குறிக்கும். அதோடு அவுஸ்திரேலியாவிலும் ஆபிரிக்காவின் பல பாகங்களிலும் ஊருக்கு வெளியே உழாமல் கிடக்கிற நிலம் முழுவதையும் அது குறிக்கும். கடல் கடந்து வந்த குடியேறிகள் அவுஸ்திரேலியாவில் புஷ் என்று பெயரிட்ட நிலத்தில் ஆதிக்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவருடைய ஊர் இன்னொருவருடைய வாயில் பற்றையாகிவிட்டது.

மலையகத்தில் நிலைமை நேர்மாறு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டாமல் விட்டால் அது மரமாகவே உயர்ந்துவிடும். வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தி வைக்கிறார்கள். துரைமார் அதை ‘டீ புஷ்’ என்றார்கள். கொழுந்து பறித்த எமது மக்கள் தேயிலைச் செடி என்றார்களே தவிர எவரும் தேயிலைப் பற்றை என்று சொன்னதில்லை. நாள்தோறும் கை படுவதைப் பற்றை என்று அழைக்கத் தமிழில் வாய் வராது.

ஆளில்லாக் காணியில் நடப்பது

திருகோணமலை மாவட்டத்தில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதிலே பெரும் பங்கு ஐப்பசியிலிருந்து தை வரையான மாரியில் கொட்டிவிடும். கோடை நீண்டது, வெயில் கடியது. முள்ளும் தடித்த இலையும் ஆழ்ந்த வேரும் கொண்ட இனங்களே இதைத் தாங்கும். ஆள் போன முதல் மாரியில் புல்லும் பூண்டும் எழும். இரண்டு மூன்று மாரிக்குள் எருக்கலை, ஆவரசு, நாயுண்ணி போன்ற செடிகள் தனித்தனியே தலைகாட்டும். இந்தக் கட்டத்தில் காணியில் இருப்பவை செடிகளே; ஊடே நடந்து போகலாம். பிறகு அவற்றின் கிளைகள் ஒன்றையொன்று தொடும், கொடி ஏறும், முள் பின்னும். அப்போது அது பற்றை. அப்பற்றையின் நிழலிலே மரக்கன்றுகள் தப்பி வளரும். அவை முற்றிப் பற்றையை அமுக்கி மேலே போய்விட்டால் இளங்காடு.

எமது மாவட்டத்திலே இந்த ஒவ்வொரு கட்டத்தையும் கண்ட ஊர்கள் இருக்கின்றன. சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தார்கள். 2007 இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை ஆகிய இடங்களில் ஆண்டுக்கணக்காக முகாம்களிலே இருந்தார்கள். கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்ட 818 ஏக்கர் 2015 இலும், கடற்படை முகாம் நிலத்தில் 177 ஏக்கர் 2016 இலும் விடுவிக்கப்பட்டன. ஒன்பது பத்து மாரி கண்ட காணிகள் அவை. ஆளை மறைக்கும் பற்றை. தென்னமரவடி மக்களோ 1984 மார்கழியில் எழும்பியவர்கள். 2010 ஐ அண்டியே திரும்பத் தொடங்கினார்கள். 25 ஆண்டுகளுக்கு மேல் விட்ட நிலத்தில் பற்றைக் கட்டம் தாண்டி மரங்கள் முதிர்ந்துவிடும். திரியாயில் 1985 இலும் பின்னர் 1990 இலும் எழும்பியவர்களின் காணிகளும் இப்படித்தான். 2006 ஆவணியில் மூதூரிலிருந்து கந்தளாய்ப் பக்கம் ஓடிய முஸ்லிம் குடும்பங்கள் ஒப்பளவில் விரைவாகத் திரும்பினார்கள். அவர்களுக்கு மண்வெட்டி போதுமாயிருந்தது. பத்தாண்டு போனவருக்குக் கோடாலி வேண்டும். 25 ஆண்டு போனவருக்குக் கோடாலியோடு ஒரு கட்டுக் கடதாசியும் வேண்டியதாகிறது. ஏனென்று பார்ப்போம்.

சட்டத்தின் வாயில் இந்தச் சொற்கள்

பிரித்தானியர் காலத்தில், 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. காடாகவும் தரிசாகவும் ஆட்சியில்லாமலும் பயிரிடாமலும் கிடக்கும் காணிகள், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று கொள்ளப்படும் என்றது அது. பல ஆண்டு இடைவெளி விட்டு விட்டே பயிரிடக்கூடிய சேனைகளையும் காடு அல்லது தரிசு என்ற கணக்கில் சேர்த்தது. கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த பகுதிகளில் இன்னும் கடுமையாக நடந்துகொண்டது.

சேனை என்பது என்ன? பற்றையை வெட்டி எரித்து, ஓரிரு போகம் சோளன், குரக்கன், பயறு போட்டு, பிறகு மண் ஆற விட்டுவிடுவது. விட்ட காலத்தில் பற்றை எழும், இலை உதிரும், மண் தேறும், மறுபடி வெட்டுவார்கள். அந்தப் பற்றை கமத்தின் ஒரு பகுதி. கமக்காரருக்கு அது ஓய்வெடுக்கும் வயல். துரையின் கண்ணுக்கு அது சொந்தக்காரன் இல்லாத தரிசு. கொட்டியாரத்து ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: சேனையூர், கடற்கரைச்சேனை, மணற்சேனை. இவ்வூர்களின் பெயரிலேயே சேனை நிற்கிறது. பற்றை வளர்வதும் வெட்டுவதும் இங்கே ஆண்டாண்டு காலத்துப் பழக்கம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேடவேண்டியதில்லை.

அடுத்தது காடு என்ற சொல். 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டம் காடு என்பதற்குக் கொடுத்த வரைவிலக்கணம் பலருக்கு வியப்பாக இருக்கும். மரம் எத்தனை, உயரம் என்ன என்று அது கேட்கவில்லை. அரசின் கையிலுள்ள காணி என்றே பொருள் கூறியது. அதாவது அந்தச் சட்டத்தின் பார்வையில் காடு என்பது முதலில் உரித்தைப் பற்றிய சொல், பிறகே மரத்தைப் பற்றிய சொல். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உறுதிக் காணியில் ஆள் உயரத்துக்குப் பற்றை நின்றாலும், தொடை பருமனுக்குப் பாலை நின்றாலும் உறுதி உறுதிதான். அங்கே வளர்ந்திருப்பது உரித்தை மாற்றாது.

அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? உறுதி தொலைந்த காணியிலும், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் மட்டும் பெற்ற காணியிலும், எந்தப் பத்திரமும் இல்லாமல் பரம்பரையாகச் செய்துவந்த மேட்டுநிலத்திலும் வருகிறது. 2001 இல் வெளியான 5/2001 ஆம் இலக்கச் சுற்றறிக்கை, ஒதுக்குக் காடாக அறிவிக்கப்படாத ஏனைய அரச காடுகளையும் வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது. 2020 இல் வேறொரு சுற்றறிக்கை அந்தப் பொறுப்பைப் பெருமளவு மாவட்ட, பிரதேச நிர்வாகத்தின் பக்கம் திருப்பியது. இவை மாறிக்கொண்டே வருபவை. உங்கள் காணிக்கு இன்று எது பொருந்தும் என்பதைப் பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவில் நேரில் கேட்டறிவதே சரி. மக்கள் இல்லாத காலத்தில் பற்றை மூடிய தோட்டக் காணிகளும் சேனைகளும் காடு என்று வரைபடத்தில் ஏறிவிட்டன என்ற முறைப்பாடு வடக்கிலும் கிழக்கிலும் பல இடங்களில் எழுந்திருக்கிறது. வானத்திலிருந்து எடுத்த படத்திலே சேனைப் பற்றையும் பழங்காட்டு ஓரமும் ஒரே பச்சையாகத் தெரியும். பற்றைக்குள் மறைந்த கிணறு படத்தில் விழாது.

உலக அளவிலே கணக்கெடுப்போர் இதில் கூடிய கவனம் எடுக்கிறார்கள் என்று சொல்லவேண்டும். முன்னர் குறிப்பிட்ட உணவு விவசாய நிறுவனத்தின் அளவுப்படி, காடு என்று கணக்கிட அரை ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பு வேண்டும். அது ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர். மரங்கள் 5 மீற்றருக்கு மேல் வளர்ந்தோ வளரக்கூடியதாகவோ இருக்கவேண்டும். நிலத்தில் 10 வீதத்துக்கு மேல் மர நிழல் மூடியிருக்கவேண்டும். பெரும்பாலும் கமத்துக்கோ குடியிருப்புக்கோ பயன்படும் நிலம் காடாகாது. செடிகள் மிகுந்த நிலத்துக்கு அவர்கள் தனியான வகுப்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் ‘பயன்படும் நிலம்’ என்ற இடத்தில்தான் எமது பாடு. பத்தாண்டு முகாமில் இருந்தவர் காணியைப் பயன்படுத்தவில்லையா, பயன்படுத்த விடப்படவில்லையா? படம் அதைச் சொல்லாது. நாம்தான் எழுதிச் சொல்லவேண்டும்.

சட்டம் தாவரங்களுக்கு வைக்கும் பெயர் தாவரத்தின் இயல்பைப் பொறுத்ததல்ல என்பதற்கு அயல்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. இந்தியாவின் 1927 ஆம் ஆண்டு வனச் சட்டத்தில் மரம் என்ற சொல்லுக்குள் பனை இனங்கள், மூங்கில், வெட்டிய கட்டை, பற்றை விறகு எல்லாம் அடக்கப்பட்டிருந்தன. இதனால் தன் வளவில் வளர்த்த மூங்கிலை வெட்டி ஏற்றவும் மக்கள் அனுமதி தேடி அலைந்தார்கள். 90 ஆண்டு கழித்து, 2017 இல், மூங்கிலை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தொல்காப்பியத்தின் மரபியலோ வெளிப்புறம் வைரித்தவை புல், உள்வைரம் உள்ளவை மரம் என்று பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் மூங்கில் அன்றே புல்தான். (பனையும் புல்தான்! வளை போட்டு வீடு வேய்ந்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாயிருக்கும். பனையின் வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது என்பதை மரம் அரிந்தவர்கள் அறிவார்கள்.)

காட்டை அழிக்கச் சொல்வதற்காக இவற்றை எழுதவில்லை. குளங்களின் நீரேந்து பகுதியிலும் ஆற்றங்கரையிலும் பழங்காட்டிலும் கத்தி வைப்பது எமக்கே கேடு. காடு ஒதுங்கினால் யானை வயலுக்கு வரும் என்பதையும் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. இடம்பெயர்வைச் சாட்டாக வைத்து, தமக்கு ஒருபோதும் சொந்தமில்லாத காட்டுக்குள் ஏக்கர்க்கணக்கில் டோசர் விடுவோரும் இருக்கிறார்கள். அவர்களால் உண்மையான காணிக்காரரின் வழக்குத்தான் பலவீனப்படுகிறது. இன்றைய பற்றைக்குள் முன்னர் இருந்த வளவையும் வயலையும் பிரித்தறிந்து சொல்லக்கூடியவர்களாக நாம் இருக்கவேண்டும் என்பதே எமது கருத்து.

வெட்டுவதற்கு முன்

முதலாவது, மிதிவெடி. கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்து விடுவித்த நிலந்தானா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிசெய்யாமல் பற்றைக்குள் கால் வைக்கவேண்டாம். நெருப்பும் வைக்கவேண்டாம். செடிக்குப் பக்கத்தில் நிலம் தெரியும். பற்றைக்குக் கீழே நிலம் தெரியாது. மாடு போய் வருகிறது என்பது அத்தாட்சியல்ல. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி அறிவியுங்கள். பாழ்ங்கிணறும் இதைப் போன்றதே. கட்டு இடிந்து பற்றை மூடிய கிணற்றுக்குள் ஆளும் மாடும் விழும் ஆபத்து உண்டு. கிணறு இருந்த திசையை வயதுபோனவர்களிடம் கேட்டு, நீண்ட தடியால் தட்டித் தட்டிப் போங்கள்.

நிலம் பாதுகாப்பானது என்று தெரிந்தபின்னும் உடனே டோசரைக் கூப்பிடாதீர்கள். ஒரு நாளில் வெளியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் டோசருக்குச் செடி தெரியாது, பற்றை மட்டுந்தான் தெரியும். மேல்மண்ணையும் எல்லைக்கல்லையும் அத்திவாரத்தையும் சேர்த்தே அள்ளிக் கரையில் குவித்துவிடும். அதற்கு முன் வீட்டுக்கு மூத்தவர் ஒருவரோடு கத்தியும் சிவப்புத் துணிக் கீலங்களும் எடுத்துக்கொண்டு ஒரு முறை நடந்து பாருங்கள். பற்றைக்குள் இருக்கும் செடிகளையும் மரங்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பதே இந்த நடையின் வேலை. பூவரசு ஒரே நேர்கோட்டில் அடி விட்டு அடி நின்றால் அது பறவை விதைத்ததல்ல. உங்கள் தகப்பன் நட்ட கதியால். கிளுவையும் முள்முருங்கையும் அப்படித்தான். தேசி, மாதுளை, கறிவேப்பிலை, செவ்வரத்தை, நந்தியாவட்டை எங்காவது நின்றால் அதற்குக் கிட்ட ஒரு குசினியோ முற்றமோ கிணற்றடியோ இருந்திருக்கவேண்டும். ஆட்கள் வைக்காமல் நந்தியாவட்டை சூரைக்கு நடுவில் வந்து நிற்காது. இவற்றுக்கெல்லாம் துணிக் கீலம் கட்டுங்கள். கிராம அலுவலரையும் அயற்காணிக்காரர் இருவரையும் அழைத்துக் காட்டுங்கள். வெட்டுவதற்கு முன்னரே படம் எடுத்துத் திகதி எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்தால் போதும். உறுதி எரிந்துபோன குடும்பத்துக்கு அந்தக் கதியால் வரிசை பேசும் சாட்சி. அதை முதல் நாளே வெட்டி விறகாக்கினால் சாட்சியை நாமே எரித்ததாகும்.

இனி வெட்டும் வேலை. நாயுண்ணி இந்நாட்டுக்குச் சொந்தமானதல்ல. 1826 இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டது. பாத்தியில் இருந்தபோது அது செடி. பறவைகள் விதையைக் கொண்டு போனபின் நாடு முழுவதும் பற்றை. தண்டை மட்டும் வெட்டினால் அடியிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். காய் பழுக்குமுன், மாரி மழையில் மண் இளகியிருக்கும்போது, அலவாங்கு போட்டு அடிக்கட்டையோடு கிளப்பவேண்டும். அதன் இலை ஆடுமாட்டுக்கு நஞ்சு, ஈரலைப் பாதிக்கும். வெட்டியதைப் பட்டியடியில் போடவேண்டாம். சூரை, காரை, விடத்தலும் அடிக்கட்டை இருக்கும்வரை விடாதவை. கட்டைபறிச்சான் என்ற ஊர்ப்பெயர் காதில் விழும்போதெல்லாம், கட்டை பறிப்பது எவ்வளவு பெரிய வேலையாக இருந்திருந்தால் அது ஒரு பெயராகியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

எல்லாவற்றையும் வெளியாக்கவும் தேவையில்லை. நொச்சியும் ஆடாதோடையும் வேலியோரம் நிற்கட்டும். எருக்கலை இலை வயலுக்குப் பசளை. தூதுவளை, முசுட்டை, குறிஞ்சா இருந்தால் பெண்கள் ஏற்கெனவே கண் வைத்திருப்பார்கள், கேட்டு வெட்டுங்கள். கடற்கரைப் பக்கத்துக் காணிகளில் காற்று வரும் பக்கமாக ஒரு பட்டைப் பற்றையை விட்டுவைத்தால் மிளகாய்க் கன்றுக்கு உப்புக்காற்று குறையும். மேலே வந்துகொண்டிருக்கும் மரக்கன்றுகளையும் பாருங்கள். சிங்களத்தில் ஹல்மில்ல என்று சொல்லப்படும் சாவண்டலை, வெளிநாட்டு மரவியாபாரத்தில் திருகோணமலையின் பெயராலேயே அறியப்பட்ட மரம். எமது துறைமுகத்திலிருந்து அது சென்னைக்குப் போய் அங்கே மசூலாப் படகு கட்ட உதவியது. அதன் கன்று பற்றைக்குள் நின்றால் கத்திக்காரர் கண்ணுக்கு வெறுந்தடிதான். பெயர் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் அது தப்பும்.

எழுதும் முறை

இப்போது கடிதத்துக்கு வருவோம். பலர் எழுதுவது இப்படி இருக்கும்: “எமக்குப் பற்றைக்காட்டுக் காணி 2 ஏக்கர் உண்டு. அதை வெட்டித் துப்புரவு செய்ய அனுமதி தரவும்.” எழுதியவர் மனதில் இருப்பது தன் பழைய தோட்டம். வாசிக்கும் உத்தியோகத்தர் முன்னால் இருப்பதோ ‘காடு’, ‘வெட்ட’, ‘அனுமதி’ என்ற மூன்று சொற்கள். காடு வெட்டக் கேட்கிறார் என்று அவர் விளங்கிக்கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “இது எமது குடியிருப்பும் மேட்டுநிலத் தோட்டமும் ஆகும். பரப்பு 2 ஏக்கர். 2006 இல் இடம்பெயரும்வரை இதில் வீடு, கிணறு, 14 தென்னை, 3 மா, தேசி 6 இருந்தன. கச்சானும் சோளனும் செய்துவந்தோம். நாம் இல்லாத காலத்தில் பற்றை வளர்ந்துள்ளது. வடக்கெல்லையில் நாம் நட்ட பூவரசுக் கதியால் இன்றும் நிற்கிறது.” பற்றை என்ற சொல் இங்கேயும் வருகிறது. ஆனால் காணியின் பெயராக வரவில்லை. காணிக்கு நேர்ந்ததாக, ஒரு காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. செடிகளும் மரங்களும் பெயரோடும் எண்ணிக்கையோடும் வருகின்றன. இழப்பீட்டுப் படிவத்திலும் இதே முறைதான். ‘மரஞ்செடிகள் அழிந்தன’ என்றால் கணக்கிட வழியில்லை. ‘காய்க்கும் தேசி 6’ என்றால் வழியுண்டு.

சேனைக் காணியானால் எந்த ஆண்டு கடைசியாக வெட்டியது, என்ன பயிர் போட்டது, அதற்கு முன் எத்தனை ஆண்டு ஆறவிட்டது என்பவற்றை எழுதவேண்டும். அயலவர் இருவர் கையொப்பம் வைப்பது நல்லது. நிலஅளவைப் படம் கிடைத்தால் அதில் உங்கள் துண்டு என்னவென்று குறிக்கப்பட்டுள்ளது எனப் பாருங்கள். வீட்டுத்தோட்டம், சேனை, பற்றை, காடு எல்லாம் அதில் வேறு வேறு வகுப்புகள். ஆங்கிலத்திலே ‘ஸ்க்ரப்’ என்றிருந்தால் அது பற்றை, ‘ஃபொரஸ்ற்’ என்றிருந்தால் காடு. இடம்பெயர்வதற்கு முந்திய படத்தில் ஒன்றும் பிந்திய படத்தில் மற்றொன்றும் இருந்தால் இரண்டின் பிரதியையும் கடிதத்தோடு இணையுங்கள். அனுமதிப்பத்திரம் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்துப் பேரேட்டில் தமது பெயரைத் தேடுவிக்கலாம். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். பிரசித்த நொத்தாரிசின் பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் ஞாபகமிருந்தால் தேடுவது இலகு.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் தன் காணியைப் பற்றி ஐந்து வரி எழுதிக்கொண்டு வரட்டும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். மரங்களின் கணக்கைப் பாட்டி சொல்ல, பேரப்பிள்ளை எழுதுவது இன்னும் நல்லது. எந்தத் தென்னை எந்த மூலையில் நின்றதென்பது அவருக்குத்தான் தெரியும். கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.